மிஹோவுக்குக் குரல் கொடுத்தவள்

கொதித்த தண்ணீரிலிருந்து கழுத்துக் குழாயின் உள்குழாயை இடுக்கியால் எடுத்து, மெல்லிய பிரஷ்ஷை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்தாள் அமலோற்பவம். உள்ளே சளி காய்ந்து ஒட்டியிருந்தது. மக்காச்சோளம் அடிக்கிற காலம் முழுக்க இப்படித்தான் இருக்கும். தார்ரோட்டிலேயே கதிரைக் கொட்டி மிஷின் விட்டு அடிப்பார்கள். சின்னசேலத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் காற்றில் தூசி நிற்கும். மற்றவர்களுக்கு மூக்கு இருக்கிறது, பாதியைத் தடுத்துக்கொள்ளும். ஷைனி மூச்சு விடுவது கழுத்தில் போட்ட ஓட்டை வழியாக. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி, ஓட்டைமேல் நனைத்த வலைத்துணி போட்டு வைத்தாலும் பொழுது சாய்வதற்குள் குழாய் அடைத்துக்கொள்கிறது.

பிரஷ்ஷை மூன்றாவது முறை இழுத்தபோது தண்ணீர் தெளிவாக வந்தது. குழாயை உதறி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கட்டிலுக்கு வந்தாள்.

"திரும்பு இப்டி."

ஷைனி முகவாயைத் தூக்கிக் கொடுத்தாள். கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். அமலோற்பவம் குழாயை நுழைத்துச் சரிபார்த்துப் பூட்டினாள். ஒரு இருமல் வந்தது, துடைத்துவிட்டாள். புது நாடா கட்டி, நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் நீதான் செய்யணும். எனக்கு அறுபத்தெட்டு ஆவுது. நான் படுத்துட்டா யாரு வந்து கழுவுவாங்க, உங்க மிஹோவா?"

அறையில் இருந்த ஒரே கண்ணாடிமேல் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ஷைனி போட்ட துண்டு. துவைக்க எடுத்தால் அதற்குள் வேறொரு துண்டு அங்கே வந்திருக்கும். ஓட்டையை அவள் இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கைக்கண்ணாடியைக் கொடுத்தால் மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வாள்.

அமலோற்பவம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகும் சும்மா இராமல், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த வரையில், தன் புண்ணைத் தானே பார்க்கிற நோயாளிதான் எழுந்து நடமாடுவார். பார்க்காதவர் எழுந்திருப்பதே இல்லை.

ஷைனி அவளுடைய அக்கா மகள். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தாள். அப்பா பிலிப்பு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரும் போனபின் ஷைனிக்கு மிச்சமிருந்த சொந்தம் சின்னம்மா ஒருத்திதான். சின்ன வயதிலிருந்தே நல்ல குரல் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வாசகம் படித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்கார்வார்கள். நர்ஸ் படிப்புக்கென்று சென்னைக்கு அனுப்பியது அமலோற்பவம்தான். இரண்டு வருடத்தில் அதை விட்டுவிட்டு, ஹாஸ்டல் தோழி ஒருத்தியோடு டப்பிங் தியேட்டருக்குப் போய்விட்டாள். அங்கேதான் மிஹோ வந்தாள்.

ஜப்பானில் வரைந்து, டிவியில் வாராவாரம் வருகிற பொம்மைப் படம் அது. தமிழில் 'சுடர்மணி மிஹோ' என்று பேர் வைத்தார்கள். கடலோர ஊர் ஒன்றில் குளியல்விடுதி நடத்துகிறவரின் மகள் மிஹோ. அவளுக்கு மந்திரசக்தி உண்டு. ஆனால் அது சும்மா வராது. யாரிடம் பொய் சொல்லியிருக்கிறாளோ அவரிடமே போய் உண்மையைச் சொன்னால்தான் வரும். ஊரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் இந்தப் பெண் கணக்கு வாத்தியாரிடம் ஓடி, "சார், அந்தப் பரீட்சையில பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதினேன்" என்று சொல்லித் திட்டு வாங்கிவிட்டு வந்துதான் பறக்க முடியும். அமலோற்பவம் அதை வார்டு டிவியில் பார்த்தாள். எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மிஹோ பேசியதெல்லாம் ஷைனி. இருபத்திரண்டு வயதுக் குரல், கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

படம் ஓடியது. ஓடியதுதான் கெடுதலாகப் போயிற்று. இரண்டாம் பாகத்தில் உண்மை சொல்லும் சங்கதியைத் தூக்கிவிட்டு, கழுத்தில் ஒரு பதக்கம் போட்டுவிட்டார்கள். பதக்கம் கடையில் விற்கும், உண்மை விற்காது. மூன்றாம் பாகத்தில் மிஹோவோடு நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். ஐந்து பேருக்கும் முகம் ஒன்றுதான், முடியின் நிறம்தான் வேறு. மிஹோ கூடவே திரிந்த பேசுகிற பூனை போய் முயல் வந்தது, முயல் போய் முள்ளெலி வந்தது. ஒவ்வொரு பாகத்திலும் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப்பெண் வந்து சேருவாள், நடுவில் எதிரியாவாள், கடைசியில் அழுதுகொண்டே திரும்பி வருவாள்.

"ஒரே குழம்புல தண்ணி ஊத்தி ஊத்திச் சூடு பண்ணிக்கினு இருக்கானுங்கடி" என்றாள் அமலோற்பவம் ஒருமுறை போனில்.

"அந்தத் தண்ணி ஊத்துறதுக்குத்தான் சின்னம்மா எனக்குச் சம்பளம்" என்று சிரித்தாள் ஷைனி.

இந்தப் படங்களில் அந்தப் பெண் சாதாரண உடுப்பிலிருந்து மந்திர உடுப்புக்கு மாறுகிற காட்சி ஒன்று உண்டு. ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு எல்லா வாரமும் அதையே ஓட்டுவார்கள். அதனால் குரலையும் ஒரு முறை பதிந்து எல்லா வாரமும் ஒட்டிவிடுவது வழக்கம். அது தொழில் முறை, அதில் யாருக்கும் வருத்தமில்லை. நான்காம் பாகத்துக்கு ஷைனி போய் நின்று, "சுடரே, எழுந்து வா!" என்று கத்த மூச்சைப் பிடித்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் பையன், "அது முதல் பாகத்துலயே இருக்கு மேடம், அதையே போட்டுக்குறோம்" என்றான். அன்று இரவு சின்னம்மாவைக் கூப்பிட்டாள்.

"நான் இல்லாமலே நான் கத்திக்கினு இருக்கேன் சின்னம்மா."

அடுத்த பாகத்தில் சண்டைக் கூச்சல்களும் பழையதே போதும் என்றாகிவிட்டது. அதற்கடுத்ததில் அழுகையும். ஆறாம் பாகத்தில் ஷைனி பேசியது எதிரிகளின் புதுப் பேர்களை மட்டும்தான் என்று சொல்லலாம். மற்றதெல்லாம் முன்னமே பேசி முடித்தது.

பிறகு ஒரு பொங்கல் சமயம், "புதுசா ஒண்ணு வருது சின்னம்மா, நிஜமாவே புதுசு" என்று போனில் செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு கூப்பிடுவது நின்றுபோய், எழுத்தாக மட்டும் செய்திகள் வந்தன. நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசறேன். அமலோற்பவமும் வேலைதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். தீபாவளி நெருங்கும்போது அறைத்தோழி கூப்பிட்டாள். ஷைனி துப்பியதில் ரத்தம்.

புற்று என்று புதுச்சேரியில் குரல்வளையை முழுசாக எடுத்தார்கள். எத்தனை நாளாகக் குரல் கம்மியிருந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "கொஞ்ச நாளாத்தான்" என்று ஷைனி சொன்னாள். அமலோற்பவம் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், நம்பினாள். அந்தப் புதுக் கதையும் பிறகு வரவில்லை. அதற்குப் பதிலாக முதல் பாகத்தையே வர்ணம் மட்டும் மாற்றி மறுபடி எடுத்தார்கள். அந்தக் குரல் ஏற்கெனவே இருந்ததால் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இப்போது தினம் காலையில் டிவியில் அதுதான் ஓடுகிறது. குரலில்லாத ஷைனி கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வயது ஷைனி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அமலோற்பவத்துக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. ஆனால் கஞ்சி உள்ளே போகிறது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஜெயப்பிரகாஷ் வருகிறார். முதல் மிஹோவிலிருந்து ஷைனியைப் பேச வைத்த டப்பிங் டைரக்டர். சென்னையிலிருந்து ரயிலில் வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

"இன்னாத்துக்கு வராராம்?"

பட்டனை அழுத்தினால் அழிகிற சிலேட்டில் ஷைனி எழுதிக் காட்டினாள். நேர்ல சொல்றாராம்.

"போன்ல சொல்ல முடியாத விசயம்னா ஒண்ணு கல்யாணமா இருக்கணும், இல்ல சாவா இருக்கணும். ரெண்டுத்துக்கும் இங்க ஆளு இல்லன்னு எழுதி அனுப்பு."

ஷைனியின் தோள் குலுங்கியது. சிரிப்புதான், சத்தம்தான் இல்லை. குழாய் வழியாக மட்டும் புஸ்புஸ்ஸென்று காற்று வந்தது.

ஜெயப்பிரகாஷ் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தலையில் மையும் சட்டையில் சோளத்தூசியும். கையில் அல்வாப் பொட்டலமும், மிஹோ பொம்மை இருந்த அட்டைப் பெட்டியும் வைத்திருந்தார். ஷைனியைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறிவிட்டு, பக்கத்தில் வந்து, வயல் தாண்டி ஆளைக் கூப்பிடுகிறவர் போலக் குரலை உயர்த்தினார்.

"எப்டிம்மா இருக்க! சாப்பாடெல்லாம் சாப்புடறியா!"

"காது நல்லாத்தான் கேக்குதுங்க சார். எடுத்தது தொண்டையத்தான்" என்றாள் அமலோற்பவம்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா." அவர் வெட்கப்பட்டுக் குரலை இறக்கினார். அல்வாவைப் பிரித்தார். "நெய் வாசம் பாரு ஷைனி, அந்தக் கடையோடதுதான்."

மூச்சு மூக்கு வழியாகப் போகாதவருக்கு வாசம் தெரியாது. அமலோற்பவம் அதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஷைனி தலையை ஆட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

காப்பி குடித்தபிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். இப்போது ஒரு மிஷின் வந்திருக்கிறது. ஒருத்தருடைய குரலைக் கொஞ்சம் கொடுத்துவிட்டால் போதும், பிறகு எதைக் கொடுத்தாலும் அதே குரலில் பேசும். ஷைனி சம்மதித்தால் இனி வரும் மிஹோக்கள் எல்லாருக்கும் அவள் குரல்தான். சும்மா இல்லை, ஒவ்வொன்றுக்கும் பணம் வரும்.

"மாத்திரை மருந்துக்கு ஒதவும்மா. நீ படுத்துக்கினே இருக்கலாம். உன் குரல் வேலைக்குப் போய்க்கினு இருக்கும்."

ஷைனி எழுதினாள். கதை என்ன?

ஜெயப்பிரகாஷ் நெற்றியைத் தேய்த்தார். "உங்கிட்ட மறைக்க இன்னா இருக்கு. பள்ளிக்கூடத்துல புதுசா ஒரு பொண்ணு வரா. அஞ்சு பேரு. இந்தத் தடவ முள்ளெலிக்குப் பதிலா நீர்நாய்."

ஷைனி அழித்துவிட்டு எழுதினாள். அப்போ அந்தப் புதுக் கதை?

"அது வராதும்மா. முப்பது வயசு மிஹோவ பொம்மையா செஞ்சு யாரு வாங்குவாங்கன்னு பொம்மைக் கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அந்தக் கத எழுதின பொண்ணையும் அனுப்பிட்டாங்க." காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தார். "ஆனா ஒண்ணு. அதுக்காக நாம மாதிரிக்குப் பேசினோமே, ஞாபகம் இருக்கா? அந்தக் குரல் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சின்னப் பொண்ணு குரலக்கூட வேற யாராவது பேசிருவாங்க. இதுதான் கெடைக்காதாம். இப்ப எங்க பாத்தாலும் இருட்டுக் கததான் ஓடுது. எவனோ ஒருத்தன் மந்திரப் பொண்ணு சாவுற மாதிரி எடுத்தான், ஓடிச்சு. இப்ப எல்லாரும் அதையே எடுத்துக்கினு இருக்கானுங்க. அடுத்த மிஹோவும் அழுதுக்கினே சண்ட போடுவா. அதுக்கு அந்தக் கரகரப்பு வேணுமாம்."

"எந்தக் கரகரப்பு?" என்றாள் அமலோற்பவம்.

"நீங்க கேட்டதே இல்லையாம்மா?" அவர் போனை எடுத்தார். ஷைனி கையை நீட்டி வேண்டாம் என்பதுபோல ஆட்டினாள். அவருக்குப் புரியவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "கேக்கட்டும்மா, உங்க சின்னம்மாதானே" என்று போட்டுவிட்டார்.

போன் திரையில் மழை. ஒரு பஸ் நிறுத்தம். முப்பது வயது மிஹோ நனைந்த கைப்பையோடு நிற்கிறாள். அவளுடைய சக்தி எப்போதோ போய்விட்டது. பக்கத்தில் ஒரு சின்னப்பெண் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து, ஏற முடியாமல் அழுகிறாள். அம்மா சொன்ன மந்திரக்காரி நீங்கதானே, பறந்து வந்து தூக்குங்க என்கிறாள். மிஹோ கைப்பையைக் கீழே வைக்கிறாள். பிறகு சேற்றில் மண்டிபோடுகிறாள்.

"எனக்கு இனிமே அது வராது. கையக் குடு, நான் தூக்குறேன்."

அவ்வளவுதான். கூச்சல் இல்லை, பளபளப்பு இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் பேசுகிறாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் ஜெயப்பிரகாஷ். அவர் கண் கலங்கியிருந்தது. "இருவது வருசம் கத்தவச்சேன். அன்னிக்கு வந்து நின்னு இப்டிப் பேசிச்சு. நான் அசந்துட்டேன். இந்தக் கரகரப்ப மட்டும் விட்டுடாதம்மா, மாத்திரை கீத்திரை போட்டுச் சரி பண்ணிடாதன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

அமலோற்பவம் கேட்டது வேறு. சளிக் கரகரப்பு கனைத்தால் விலகும், அழுத கரகரப்பு ஏறி இறங்கும். இது அப்படி இல்லை. 'வராது' என்பதன் நடுவில் குரல் அறுந்து காற்றாகப் போய், பிறகு ஒட்டிக்கொண்டது. சரியாகச் சாத்தாத இரண்டு கதவுக்கு நடுவே எதுவோ சிக்கியிருப்பது போல. இந்தச் சத்தத்தை வார்டில் அவள் எத்தனையோ தொண்டையில் கேட்டிருக்கிறாள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் முகாமில் சொன்னவள் அவள்.

"இது எப்ப பேசினதுங்க சார்?"

"அதாம்மா, அந்தப் பொங்கலுக்கு. அதுக்கப்புறம் இந்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கினே போனானுங்க. பாவம், ஷைனி அது வரைக்கும் அந்தக் குரலைக் காப்பாத்தி வச்சிருந்துச்சு."

பொங்கலிலிருந்து தீபாவளி வரை. அமலோற்பவம் எழுந்து ஜன்னல் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துவிட்டிருந்தது.

அந்த நேரத்தில் ஜெயப்பிரகாஷுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று ரோட்டுப் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் அமலோற்பவம் கட்டில் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட கொஞ்ச நாளாத்தான்னு சொன்ன."

ஷைனி சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னாண்ட போன்ல பேசாம எழுதி எழுதி அனுப்பினியே. நான் கொரலக் கேட்டா புடிச்சு இழுத்துக்கினு போயிருவேன்னுதானே?"

ஷைனி தலையசைத்தாள்.

"உனக்குத் தெரியும். ரெண்டு வருசம் நர்ஸ் படிச்சவ நீ. அந்தாளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே இன்னாத்துக்குடி?"

ஷைனி சிலேட்டை மடிமேல் வைத்து எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு திருப்பிக் காட்டினாள்.

இருவது வருசத்துல அது ஒண்ணுதான் புதுசு. ஒரு மாசம்னு சொன்னாங்க சின்னம்மா.

அமலோற்பவத்துக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. நோயாளியை அறையக்கூடாது. கீழே கிடந்த துணிகளைப் பொறுக்கி, வாளியில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு ஜன்னலாகக் கட்டினாள். பொங்கலுக்கே காட்டியிருந்தால் கதிர்வீச்சு வைத்தே ஆற்றியிருக்கலாம். குரலும் மிஞ்சியிருக்கும். கடைசி முடிச்சு கோணலாக விழுந்தது. அதனால் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"அந்தாளுகிட்ட சொல்லப் போறியா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள். திரும்பிப் பார்த்தபோது ஷைனி இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அது சரி. சொன்னா செத்துருவாரு. வயசான மனுசன்."

ஜெயப்பிரகாஷ் திரும்பி வந்தார். சம்மதம் என்றால் இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடலாம் என்றார். ஷைனி எழுதினாள். சின்னப் பொண்ணு குரல எடுத்துக்கட்டும். கரகரப்பு வேணாம்.

"அது முடியாதும்மா. அவங்க கேக்கறதே அதத்தான். ரெண்டும் சேந்து குடுத்தா எடுத்துப்பாங்க, இல்லன்னா ரெண்டும் வேணாம்றாங்க." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீ குடுக்கலன்னா மட்டும் நின்னுடுமா சொல்லு? வேற எவளையாவது கூப்ட்டு, கரகரன்னு பேசுன்னு சொல்லுவாங்க. கேக்குற புள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நஷ்டம் உனக்குத்தான். உங்க சின்னம்மாவையும் பாரு, எவ்ளோ நாளைக்குத் தனியா..."

"என்னை இழுக்காதீங்க சார்" என்றாள் அமலோற்பவம். "எனக்குப் பென்சன் வருது. அவ கொரல், அவ முடிவு பண்ணட்டும்."

ஷைனி எழுதத் தொடங்கி நிறுத்தினாள். கட்டிலை விட்டு எழுந்து, மேசை டிராயரை இழுத்தாள். டார்ச் லைட் போன்ற ஒன்றை எடுத்தாள். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சாக வருகிற கருவி. புதுச்சேரியில் வாங்கிக் கொடுத்தது. அங்கே ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், தகரத்துக்குள் வண்டு ரீங்கரிப்பது போல வந்தது. உடனே சிலேட்டில் 'வில்லன்' என்று எழுதிவிட்டு உள்ளே போட்டுவிட்டாள். மிஹோ கதையில் இருட்டு ராஜ்யத்து அரசன் அசல் இப்படித்தான் பேசுவான். அதற்குப் பிறகு அதை அவள் தொட்டதில்லை.

தாடைக்குக் கீழே வைத்தாள். சரியான இடம் கிடைக்கவில்லை, வெறும் இரைச்சல்தான் வந்தது. அமலோற்பவத்தின் கை தானாக முன்னால் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டாள். ஷைனி கருவியை ஒரு விரற்கடை இறக்கி அழுத்தினாள்.

"மு-டி-யா-து" என்றது கருவி.

ஜெயப்பிரகாஷ் பின்னால் சாய்ந்தார்.

"அது ந-டிப்-பு இல்-ல சார். வி-யா-தி."

எந்த வியாதி, எப்போதிருந்து என்று அவள் சொல்லவில்லை. ஆனால் குரலையே தொழிலாகக் கொண்டவர் அவர். போனைப் பார்த்தார், ஷைனியின் கழுத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அவர் முகம் வெளுப்பதை அமலோற்பவம் கண்டாள். மயங்கி விழப்போகிறவர்களை அவளுக்குத் தெரியும். ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "தலையைக் குனிஞ்சிக்கங்க. மெதுவாக் குடிங்க" என்றாள்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர், "நான்தான் சொன்னேன், விட்டுடாதன்னு" என்றார்.

"நீங்க டாக்டரு இல்ல" என்றாள் அமலோற்பவம். அது ஆறுதலா குற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரயிலுக்கு நேரமானது. அவர் எழுந்தபோது ஷைனி போனைச் சுட்டிக் காட்டி ஒரு விரலைத் தூக்கினாள். ஒரே ஒரு தடவை.

"அனுப்பி வைக்கட்டுமாம்மா? அனுப்பக் கூடாதுதான், அவங்க சொத்து. ஆனாலும் அனுப்புறேன்."

வேண்டாம் என்று தலையாட்டி, மறுபடி விரலைத் தூக்கினாள். அவர் போட்டார். மழை பெய்தது. சின்னப்பெண் அழுதாள். சேற்றில் முட்டி ஊன்றிய மிஹோ பேசும்போது ஷைனியின் உதடும் கூடவே அசைந்தது. ஒரு எழுத்து முந்தவில்லை, பிந்தவில்லை. வாய் இங்கே, சத்தம் அங்கே. 'தூக்குறேன்' என்று முடிந்ததும் அவள் உதட்டை மூடிக்கொண்டாள். ஜெயப்பிரகாஷ் அந்தப் பதிவைத் தன் போனிலிருந்து அழித்தார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் அழித்தார். கம்பெனியிடம் எங்கேயோ ஒரு மூலையில் அது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்டோ போனபின் அமலோற்பவம் பொம்மைப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். முதல் மிஹோவா, மூன்றாவதா, ஆறாவதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ராத்திரி ஷைனி சாப்பிடவில்லை. வற்புறுத்தாமல் பாலை மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை அமலோற்பவம் கஞ்சி வைத்துவிட்டு, குழாய்க்குத் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது டிவி ஓடவில்லை. கண்ணாடிமேல் இருந்த துண்டு மடித்துக் கட்டிலில் வைக்கப்பட்டிருந்தது. ஷைனி கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள், வலைத்துணியை எடுத்துவிட்டு. ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று அமலோற்பவம் பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"தண்ணி வச்சிருக்கேன்" என்றாள் அமலோற்பவம்.

ஷைனி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பூட்டைத் திருப்பி, உள்குழாயை இழுத்தாள். இருமல் வந்து கண்ணாடியில் சளி தெறித்தது. சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அமலோற்பவம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அது. நோயாளி செய்யும்போது உன் கை முன்னால் இருக்கக்கூடாது.

பிரஷ் முதலில் வளைந்து போயிற்று. இரண்டாம் முறை நேராகப் போய் மறுபக்கம் வந்தது. மூன்றாம் முறை தண்ணீர் தெளிந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதறி, கண்ணாடியைப் பார்த்தே உள்ளே செலுத்தினாள். நாடா கட்டியபின் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே சோள மிஷின் ஓடத் தொடங்கியது. அமலோற்பவம் அழுக்குத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து, ஜன்னல் துணிகளை நனைத்துக் கட்டினாள்.